மக்கு என்று முத்திரை குத்துவோர் கவனிக்க!

"இவன் மண்டையிலே ஏறாது, மாடு மேய்க்கத்தான் லாயக்கு!"

காரைக்கால் கடலோரக் குப்பங்களிலே, அரசலாற்றங்கரைக் குடிசைகளிலே, இந்த வசையைக் கேளாமல் வளர்ந்த ஏழைவீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர்? தோழர்களே, நாமும் கேட்டதுண்டு! கடைசி பெஞ்சிலே உட்கார்ந்து, கரும்பலகை எழுத்து கலங்கித் தெரிய, விடை சொல்லாத குற்றத்துக்காக முழங்காலிட்டதுண்டு. கோளாறு மூளையில் அல்ல, கண்ணிலே என்று கண்டுபிடித்தவர் அடுத்த ஆண்டு வந்த ஆசிரியர். முன் பெஞ்சுக்கு மாற்றினார். அவர் செய்த வைத்தியம் அவ்வளவுதான்!

காரைக்காலிலே பிரெஞ்சுக் கொடி பறந்த காலம். 1904-இல் பாரிஸ் நகரிலே, பாடத்தில் பின்தங்கும் பிள்ளைகளை என்ன செய்வதென ஆராய அரசு ஒரு குழுவை அமைத்தது. அதிலே இடம்பெற்ற ஆல்ஃபிரட் பினே, 1905-இல் தியோடர் சிமோனுடன் சேர்ந்து அறிவுத்திறன் சோதனை ஒன்றை வகுத்தார். எதற்காக? தள்ளிவைக்க அல்ல, தாங்கிப் பிடிக்க! எந்தப் பிள்ளைக்குத் தனி உதவி தேவை என அறிய! அறிவு பிறப்பிலேயே அளந்து ஊற்றப்பட்டது, அது வளராது என்ற வாதத்தை 1909-இல் வெளிவந்த தம் நூலிலே வன்மையாக மறுத்தார். கவனத்தையும் நினைவாற்றலையும் பயிற்சியால் வளர்க்கலாம் என்றார்.

பிறகு நடந்த வேடிக்கையைப் பாருங்கள்! கடல் கடந்து அமெரிக்கா சென்ற அதே சோதனை, பிறவியிலேயே மட்டமானவர் இன்னார் என்று மக்களைப் பிரிக்கும் கருவியாயிற்று. நமக்கு இது புதுக்கதையா? "உன் குலத்துக்குப் படிப்பு வராது" என்ற பழைய பல்லவிதான், விஞ்ஞானச் சட்டை மாட்டிக்கொண்டு வந்தது!

அந்த அமெரிக்காவிலேயே ராபர்ட் ரோசந்தாலும் லெனோர் ஜேக்கப்சனும் 1968-இல் வெளியிட்ட ஆய்வு நம் கண்ணைத் திறக்கிறது. "இந்தப் பிள்ளைகள் இவ்வாண்டு மிளிர்வார்கள்" என்று ஆசிரியர்களிடம் பட்டியல் தந்தனர். பெயர்களோ கண்ணை மூடிக்கொண்டு எடுத்தவை! ஆண்டு முடிவிலே, முதலிரண்டு வகுப்புகளில் அப்பிள்ளைகள் மற்றவரைவிட முன்னேறியிருந்தனர். முன்னேற்றத்தின் அளவு பற்றி அறிஞரிடையே சர்ச்சை உண்டு. எனினும், ஆசிரியரின் பார்வை பிள்ளையைத் தொடாமல் விடுவதில்லை.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கிளிஞ்சல்மேட்டையும் காரைக்கால்மேட்டையும் சூறையாடிற்று. உற்றாரை இழந்த ஒரு சிறுவன், பின்னர் வகுப்பிலே வெறித்த பார்வையோடு உட்கார்ந்திருந்தால், அதற்குப் பெயர் சோம்பலா?

2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, அடிப்பதை மட்டுமல்ல, மனத்தை வாட்டுவதையும் தடுக்கிறது. ஆனால் 2019-இல் வந்த திருத்தமோ, 5, 8-ஆம் வகுப்புகளிலே தவறியவரை நிறுத்திவைக்க வழிவிட்டது; 2024 டிசம்பரில் மத்திய அரசு அதற்கு விதியும் வகுத்தது. நிறுத்தப்பட்ட பிள்ளையின் குறை எங்கே என்று கண்டறிந்து ஆசிரியர் உதவவேண்டும் என்று அவ்விதியே கூறுகிறது! நாம் கேட்கிறோம்: அந்த உதவியை நிறுத்துவதற்கு முன்னரே செய்தால் என்ன?

ஆசிரியர்மீது நமக்குப் பகையில்லை. வகுப்பை நிரப்பிவிட்டு, கணக்கெடுப்பு வேலையையும் தலையில் கட்டினால், ஒவ்வொரு முகத்தையும் அவர் எப்போது பார்ப்பார்? ஆகவே தோழர்களே, பெற்றோர் கூட்டத்துக்கு அழைப்பு வந்தால், ஒருநாள் கூலி போனாலும் போகட்டும், செல்லுங்கள்! மதிப்பெண்ணை மட்டும் கேட்டுத் திரும்பாதீர்கள். பையன் எந்த வரிசையிலே உட்காருகிறான், எந்தப் பாடத்திலே வாய் திறக்கிறான், எப்போது மௌனமாகிறான் என்று ஆசிரியரிடம் கேளுங்கள். வீட்டிலே அவன் எப்படி இருக்கிறான் என்பதை நீங்களும் அவருக்குச் சொல்லுங்கள்.