துவக்குக் குழலின் ஒடுக்கம்

பறவை வேட்டைக்குரிய சன்னத் துவக்கு தனிக் குண்டைச் செலுத்துவதன்று. தோட்டாவினுள் அடங்கிய சிறு சன்னங்கள் பல ஒருங்கே வெளிப்பட்டு, செல்லச் செல்ல விரிந்து பரவும். பறக்கும் புள்ளை ஒற்றைக் குண்டால் வீழ்த்துதல் அரிதாதலின் இவ்விரிவு வேட்டுவனுக்குத் துணையாகின்றது. ஆயின் அளவு மிஞ்சியவிடத்து அதுவே கேடாகும். சன்னங்களிடையே வெளி மிகுந்து, ஓரிரண்டு மட்டுமே தைத்த பறவை வீழாது பறந்துபோய் எங்கோ ஒரு புதரில் வருந்தி மடியும். இக்கேட்டை நீக்க எழுந்ததே, குழல்வாயருகே உட்புழையைச் சிறிது ஒடுக்கும் முறை. ஆங்கிலேயர் இதனைச் 'சோக்' என்பர்.

ஒடுக்கம் என்றதும் புனலின் வாயை எண்ணிவிடலாகாது. பன்னிரண்டாம் இலக்கத் துவக்கின் உள்விட்டம் ஏறக்குறைய 0.729 அங்குலம். முழு ஒடுக்கத்திற் குறைவதோ ஏறத்தாழ 0.040 அங்குலம்; அஃதாவது ஒரு மில்லிமீற்றர் அளவே. இச்சிறு வேறுபாட்டின் பயன் வியப்புக்குரியது. 40 யார் தூரத்திற் பதியும் சன்னங்களை 30 அங்குல விட்டமுள்ள வட்டத்துள் எண்ணிப் பார்ப்பது வழக்கம். ஒடுக்கமில்லாக் குழல் நூற்றுக்கு 40 அளவையும், முழு ஒடுக்கமுடையது 70 அளவையும் அவ்வட்டத்துட் சேர்க்கும். ஒடுங்கிய பகுதியைக் கடக்கையில் ஓரத்துச் சன்னங்கள் உள்நோக்கித் தள்ளப்படுகின்றன. பின்னே வரும் தக்கையும் சற்றுத் தடைப்படுவதால், அது சன்னத் திரளுட் புகுந்து கலைப்பதில்லை.

நியூகாசில் நகரத்துப் பேப் என்பார் 1866இல் இதற்கு உரிமைப் பத்திரம் பெற்றார். 1874 அளவிற் கிறீனர் என்னும் துவக்குக் கம்மியர் இதனைச் செம்மைப்படுத்திப் பரப்பினார்.

ஒடுக்கம் துவக்கின் வலிமையைப் பெருக்கும் என்பது பலர் கொண்ட தவறான எண்ணம். தனிச் சன்னத்தின் வேகத்தில் குறிப்பிடத்தக்க மாற்றமெதுவும் உண்டாவதில்லை. 15 யார் தூரத்துப் பறவைமீது முழு ஒடுக்கத்தாற் சுடுபவன் பெரும்பாலும் குறி தப்புவான்; தப்பாவிடின் பறவை உணவுக்கு உதவாவண்ணம் சிதையும். இதனாலேயே இரட்டைக்குழற் துவக்கில் ஒரு குழலைத் தளர்வாகவும் மற்றதை இறுக்கமாகவும் அமைத்தனர். எழுந்தகலும் பறவைக்குத் தளர்ந்த குழல் முந்தும். அணுகி வருவதற்கு அவ்வரிசை மாறும்.

ஈயச் சன்னத்தை விழுங்கிய நீர்ப்பறவைகள் நஞ்சேறி இறந்தமையால், அவற்றை வேட்டையாட ஈயத்தைப் பயன்படுத்துவதை 1991இல் ஐக்கிய அமெரிக்கா நாடெங்கும் தடைசெய்தது. அதன்பின் எஃகுச் சன்னம் பெருவழக்காயிற்று. எஃகு, ஈயம்போற் குழலினுள் நசுங்காது. வடிவு கெடாத சன்னம் நேரே செல்லும். ஆதலின் அதற்குக் குறைந்த ஒடுக்கமே போதும். ஈயத்திற்கென அமைந்த பழைய முழு ஒடுக்கக் குழலில் எஃகைச் செலுத்தின், குழலே பழுதுறக்கூடும்.