உங்கள் சி புரோகிராம் எல்லா சிஸ்டத்திலும் ஓட வேண்டுமா?

கல்லூரி லேபில் டர்போ சி++-ல் ஓடிய புரோகிராம், வீட்டுக் கம்ப்யூட்டரில் லினக்ஸில் கம்பைல் செய்தால் பிழை காட்டுகிறதே, ஏன்? புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய பலர் என்னிடம் இதைக் கேட்கிறார்கள். சி மொழி இரண்டிலும் ஒன்றுதான். கம்பைலர் தன் பங்குக்குச் சேர்த்துத் தரும் வசதிகளையும் சி மொழி என்று நினைத்துப் பயன்படுத்துவதால்தான் சிக்கல் வருகிறது.

முக்கியமாக மூன்றைக் கவனியுங்கள்.

1. 'கோனியோ' ஹெடர் பைல்: திரையைத் துடைப்பது, கீ அழுத்தும் வரை காத்திருப்பது போன்றவை இதில் உள்ளன. இது சி மொழியின் தரநிலையில் இல்லை. லினக்ஸிலும் இருக்காது. 'எஸ்டிடிஐஓ' போன்ற தரநிலை ஹெடர்களையே பயன்படுத்துங்கள்.

2. 'இன்ட்' அளவு: டர்போ சி++-ல் இது 2 பைட். அதிகபட்சம் 32767 வரைதான் கொள்ளும். 200 ரூபாய்ப் பொருள் 200 விற்றதாக பில் போட்டால் 40000க்குப் பதில் -25536 என்று வரும். பிழைச் செய்தி எதுவும் வராது! இன்றைய கம்பைலர்களில் இன்ட் 4 பைட் என்பதால் விடை சரியாக வரும். வீட்டில் சரியாக ஓடியது லேபில் தவறாகிவிடும். எனவே விலை, எண்ணிக்கை, தொகை மூன்றையும் 'லாங்' என்று அறிவியுங்கள். 'பிரின்ட்எஃப்'பிலும் லாங்குக்கு உரிய குறியீட்டையே கொடுங்கள்.

3. பைல் பெயர்: விண்டோஸ் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசம் பார்ப்பதில்லை. லினக்ஸ் பார்க்கும். எல்லாப் பெயர்களையும் சிறிய எழுத்தில் வையுங்கள். போல்டர் பாதையில் முன்சாய்வுக் கோடு போடுங்கள். இரண்டு சிஸ்டமும் அதை ஏற்கும்.

எந்தக் கருவியைத் தேர்ந்தெடுப்பது? டர்போ சி++ டாஸ் காலத்துக் கருவி. 64 பிட் விண்டோஸில் டாஸ்பாக்ஸ் போன்ற துணை இல்லாமல் ஓடாது. நான் பரிந்துரைப்பது 1987ல் முதலில் வெளிவந்த ஜிசிசி கம்பைலர். இது இலவசம். லினக்ஸில் எளிதாக நிறுவலாம். விண்டோஸில் 'மின்ஜிடபிள்யூ' என்ற வடிவில் கிடைக்கிறது. டைப் செய்ய 'கோட் பிளாக்ஸ்' போதும். இதுவும் இரண்டு சிஸ்டத்திலும் ஓடும். விண்டோஸுக்கு டவுன்லோடு செய்யும்போது கம்பைலர் சேர்ந்த பதிப்பைத் தேர்ந்தெடுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். விண்டோஸில் உருவான இஎக்ஸ்இ பைலை லினக்ஸுக்கு காப்பி செய்தால் அது நேரடியாக ஓடாது. சோர்ஸ் பைலைக் கொண்டுபோய் அங்கே மீண்டும் கம்பைல் செய்ய வேண்டும். புரோகிராம் முழுவதையும் எழுதி முடிக்கும்வரை காத்திராமல், 50 வரி எழுதியதுமே இரண்டு சிஸ்டத்திலும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். தவறு எங்கே என்று தேடும் வேலை பாதியாகக் குறையும்.