விண்டோஸ் 10 கம்ப்யூட்டர் ஹேக் ஆனால் யார் பொறுப்பு? வீட்டுக்காரரா, கம்பெனியா?

வீட்டு கம்ப்யூட்டர் நல்லாத்தான் ஓடுது. ஆனா, 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. இனி அதில் புதுசா ஒரு ஓட்டை தெரியவந்தால் அடைக்க வேண்டியது யார்?

விண்டோஸ் 11-க்கு மாறலாமே என்று கேட்கலாம். அதற்கு டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதி, ஓரளவு புதிய பிராசஸர் இரண்டும் வேண்டும். பழைய கம்ப்யூட்டர்கள் பல இதில் தேறாது. அதாவது, ரிப்பேர் ஆகாத மெஷினை ஓரங்கட்டச் சொல்கிறார்கள்!

கூடுதல் அப்டேட் யாருக்கு?

2026 அக்டோபர் 13 வரை கூடுதலாக ஓராண்டு அப்டேட் தருவதாக நிறுவனம் அறிவித்தது. அதற்கு 30 டாலர் கட்டணம். வேண்டாம் என்றால், கம்ப்யூட்டர் செட்டிங்ஸை மைக்ரோசாஃப்ட் கிளவுடில் பேக்கப் செய்யலாம். நுகர்வோர் அமைப்பு ஒன்று ஆட்சேபித்ததும், ஐரோப்பிய நாடுகளுக்கு மட்டும் இந்த பேக்கப் நிபந்தனை தளர்த்தப்பட்டது. கம்ப்யூட்டர் ஒன்றுதான், ஓட்டையும் ஒன்றுதான். கேள்வி கேட்ட ஊருக்குச் சலுகை கிடைத்தது.

ஐரோப்பிய யூனியன் இதைச் சட்டமாகவே கொண்டுவந்துவிட்டது. சைபர் ரெசிலியன்ஸ் ஆக்ட் எனும் அந்தச் சட்டப்படி, 2027 டிசம்பர் 11 முதல் அங்கே விற்பனைக்கு வரும் டிஜிட்டல் பொருட்களுக்கு, பொதுவாகக் குறைந்தது 5 ஆண்டுகள் பாதுகாப்பு அப்டேட் தருவது தயாரிப்பாளரின் கடமை.

அப்போ பயனாளருக்குப் பொறுப்பே இல்லையா?

இருக்கு. 2017 மே மாதம் உலகையே உலுக்கிய வான்னாக்ரை வைரஸை எடுத்துக்கொள்ளுங்கள். அது நுழைந்த ஓட்டைக்கான அப்டேட் மார்ச் மாதமே வந்துவிட்டது. பாதிக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை, அந்த அப்டேட் கிடைத்தும் போடாத விண்டோஸ் 7 கம்ப்யூட்டர்கள். ஆனா, அப்டேட்டே வராத கம்ப்யூட்டருக்கு இந்தக் குற்றச்சாட்டு பொருந்தாது.

பணம் போனால்?

ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கை ஒரு கோடு போட்டது. தவறு வங்கி மீதும் இல்லை, வாடிக்கையாளர் மீதும் இல்லை என்ற நிலையில், வங்கியின் தகவல் வந்த 3 வேலை நாட்களுக்குள் புகார் செய்தால் வாடிக்கையாளருக்கு நஷ்டம் இல்லை என்றது அது. ஓடிபி, பாஸ்வேர்டை அவரே கொடுத்திருந்தால், புகார் செய்யும் வரை போன பணம் அவர் தலையில்தான் என்றும் சொன்னது.

மோசடி நடந்தது தெரிந்தால் உடனே வங்கிக்கும், 1930 சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் தகவல் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டரில் வைரஸ் இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால், மத்திய அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திரா தளத்தில் அதை நீக்கும் டூல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.