பாயின் நிழலும் படகின் விளக்கும்

காற்று படகை ஓட்டும், விளக்கை எரிக்காது. நள்ளிரவில் விளக்கின்றி மிதக்கும் சிறு பாய்மரப் படகு பெரிய கப்பலின் எதிரே அகப்பட்டால் என்ன கதி என்பதை நேயர்களுக்கு நாம் விவரிக்க வேண்டியதில்லை. ஆகவேதான் படகோட்டிகள் பலர் பாட்டரிக்கு மின்சாரம் ஊட்டச் சூரிய பகவானைச் சரணடைந்திருக்கிறார்கள். 1954-ம் வருஷம் அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிசாலையார் செய்து காட்டிய சிலிக்கன் மின்கலமே இன்றைய சூரியத் தகடுகளுக்கு மூதாதை.

100 வாட் தகடு ஐந்து மணி நேரம் முழு வெயிலில் காய்ந்தால் 500 வாட்-மணி மின்சாரம் தரவேண்டும். கைக்கு வருவதென்னவோ குறைவுதான். குற்றவாளி யார் தெரியுமா? படகை ஓட்டும் அந்தப் பாயேதான்! தகட்டிலுள்ள கலங்கள் சங்கிலிபோல் ஒன்றோடொன்று கோக்கப்பட்டவை. ஒன்றிரண்டின்மேல் பாயின் நிழல் விழுந்தாலும் போதும், மற்றவற்றின் மின்னோட்டமும் தடைப்படுகிறது. இதற்காகவே விஷயமறிந்தவர்கள் ஒரே பெருந்தகட்டுக்குப் பதிலாக இரு சிறு தகடுகளைப் படகின் இரு புறமும் பொருத்தி, இரண்டுக்கும் தனித்தனிக் கட்டுப்பாட்டுக் கருவி வைக்கிறார்கள். ஒரு புறம் நிழலானால் மறுபுறம் வேலை செய்யும்.

ஈய பாட்டரியைப் பாதிக்குமேல் வடியவிட்டால் அதன் ஆயுள் குன்றும். எனவே சிக்கனமும் அவசியம். 10 வாட் பழைய இழை விளக்கு 12 மணி நேர இரவில் 120 வாட்-மணியை விழுங்கிவிடும். 2 வாட் எல்.இ.டி. விளக்குக்கோ 24 போதும்.