214 கோடியில் ஒரு வரம்பு

2147483647. நம் வழக்கில் வாசித்தால் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. முப்பத்தொரு 2-களைப் பெருக்கி, விடையில் 1-ஐக் கழித்தால் இது கிடைக்கும். இது பகா எண் என்று 1772-ல் நிறுவியவர் லெயோனார்டு ஆய்லர். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் வாழ்ந்த அவருக்கு அப்போது கண்பார்வை ஏறத்தாழ முழுவதும் போயிருந்தது.

ஓர் எண் பகா எண்ணா என்றறிய, அதன் வர்க்கமூலம் வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். இங்கே வர்க்கமூலம் 46,340-க்குச் சற்று மேல். அதற்குள் நாலாயிரத்துக்கும் அதிகமான பகா எண்கள் இருக்கின்றன. அத்தனையையும் சோதிக்கத் தேவையில்லை என்பதை ஆய்லர் கண்டுகொண்டார். இந்த எண்ணை எந்தப் பகா எண் வகுத்தாலும், அந்தப் பகா எண்ணை 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 ஆகத்தான் வரவேண்டும். வர்க்கமூலத்துக்குள் அப்படி மீதி வரும் எண்கள் 370 சொச்சம்தான். அவற்றிலும் பகா எண்ணாக இல்லாதவற்றைத் தள்ளிவிடலாம். 63, 249 இரண்டும் 3-ஆல் வகுபடும், போகட்டும். அடுத்தது 311. வகுத்தால் ஈவு 69,05,092, மீதி 35. கடைசிவரை இதே கதைதான்: எதுவும் மீதியின்றி வகுக்கவில்லை.

நெடுங்காலம் அறியப்பட்ட மிகப் பெரிய பகா எண்ணாக இருந்தது இதுவே. 1811-ல் ஆங்கிலக் கணிதர் பீட்டர் பார்லோ, இதிலிருந்து பிறக்கும் செவ்விய எண்ணைத் (தன்னைத் தவிர்த்த தன் வகுஎண்களின் கூட்டுத்தொகைக்குச் சமமான எண்) தாண்டி இன்னொன்றை யாரும் தேடப்போவதில்லை என்று எழுதினார். வெறும் விநோதம், பயன் ஏதுமில்லை என்பது அவர் சொன்ன காரணம். 1876-ல் எதுவார் லூக்கா 39 இலக்கப் பகா எண்ணையே காட்டிவிட்டார்.

பயனில்லை என்ற கணிப்பும் நிற்கவில்லை. இந்த எண்ணை இரும முறையில் எழுதினால் முப்பத்தொரு 1-கள் வரிசையாக நிற்கும். 32 பிட்களில் ஒன்றைக் கூட்டல், கழித்தல் குறிக்கு ஒதுக்கும் கணினிக்கு மிஞ்சுவதும் அந்த 31 இடங்கள்தான். ஆக, அது எண்ணக்கூடிய உச்சம் இதுவே. 2014 டிசம்பரில் ‘கங்னம் ஸ்டைல்’ பாடலின் பார்வைகள் இதைத் தாண்டியபோது, எண்ணிக்கையை 64 பிட்டுக்கு மாற்றியதாக யூடியூப் அறிவித்தது.

பல கணினிகள் நேரத்தை 1970 ஜனவரி 1-லிருந்து நொடிகளாக எண்ணுகின்றன. 2038 ஜனவரி 19 அன்று, இந்திய நேரம் காலை 8:44:07-க்கு அந்தக் கணக்கு இந்த எண்ணைத் தொடும். இன்னும் 32 பிட்டிலேயே இருக்கும் கருவிகளில் அடுத்த நொடி எண் எதிர்மறையாகி, தேதி 1901 டிசம்பருக்குத் தாவும்.

64 பிட்டுக்கு மாறினால் 29,000 கோடி ஆண்டுகளுக்கும் மேல் தாங்கும். அந்தப் புதிய உச்சம் பகா எண் அல்ல, 7-ஆலேயே வகுபடும். கணினிக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. அதற்கு வேண்டியது 1-களின் வரிசை மட்டுமே.