வெள்ளை சாக்லேட் உண்மையில் சாக்லேட்தானா?

மேட்டுப்பாளையம் வழியாக ஊட்டி சென்று திரும்புவோர் வாங்கிவரும் வெள்ளை சாக்லேட்டில் பழுப்பு நிறம் ஏன் இல்லை? வறுத்த கோகோ விதையை அரைத்துப் பிழிந்தால் கொழுப்பு தனியே பிரிகிறது; அதுதான் கோகோ வெண்ணெய். நிறமும் கசப்பும் எஞ்சும் பிண்ணாக்கிலேயே தங்கிவிடுகின்றன. அந்த வெண்ணெயோடு சர்க்கரையும் பால் திடப்பொருளும் சேர்ந்ததே வெள்ளை சாக்லேட்.

கோகோத் தூளே இல்லாதது எப்படிச் சாக்லேட் ஆகும் என்ற மறுப்பில் நியாயம் உண்டு. ஆனால், உடல் வெப்பத்துக்குச் சற்றுக் கீழே, சுமார் 34 டிகிரி செல்சியஸில், வாயில் வழுக்கி உருகும் குணத்தைத் தருவது கோகோ வெண்ணெய்தான். பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக விளையும் அதே விதையின் கொழுப்பு அது. அதனால்தான் கோடெக்ஸ் என்னும் உலக உணவுத் தரவிதி, வெள்ளை சாக்லேட்டில் குறைந்தது 20 விழுக்காடு கோகோ வெண்ணெய் வேண்டும் என்கிறது. அதற்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பில் செய்தது அந்தப் பெயருக்கு உரியதன்று. வாங்குமுன் உறையைப் படியுங்கள்.