பாலில் வந்த பகை

நோயுற்ற விலங்கின் பாலையோ ஊனையோ எவரும் விரும்பி உண்ணார். ஆனால், நோய்க்குறி யாதுமின்றிக் கொழுத்துத் திரியும் விலங்கும் மனிதனுக்கு நோயை ஊட்டக்கூடுமோ? கூடும் என்பதை உலகுக்கு உணர்த்தியது மத்தியதரைக் கடலிலுள்ள மோல்டா என்னும் சிறு தீவாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அத்தீவிலே பாசறை அமைத்திருந்த பிரித்தானியப் படையினரை ஒருவகைக் காய்ச்சல் வாட்டியது. கடலலைபோல் ஏறியும் இறங்கியும் மாதக்கணக்காக நீடிக்கும் அக்காய்ச்சல், மூட்டு நோவையும் மிகுந்த வியர்வையையும் தந்து, உடலை உருக்குலைத்தது. டேவிட் புறூஸ் என்னும் படை மருத்துவர் 1887 ஆம் ஆண்டில், இறந்த வீரரின் மண்ணீரலிலிருந்து அதற்குக் காரணமான பற்றீரியாவைப் பிரித்தெடுத்தார். எனினும், அது மனித உடலுள் எவ்வழியாகப் புகுகின்றது என்பது பின்னும் பதினெட்டு ஆண்டுகள் மறைபொருளாகவே இருந்தது. காற்றைப் பழித்தாருமுளர், துறைமுகக் கழிவைப் பழித்தாருமுளர்.

இதனை ஆராய்வதற்கு 1904 இல் ஓர் ஆணைக்குழு அமைந்தது. அதில் உறுப்பினராயிருந்த மோல்டா நாட்டு மருத்துவர் தெமிஸ்தோக்கிளிஸ் சம்மித், 1905 இல் ஆடுகளின் குருதியைச் சோதித்தார். நோயாளியின் குருதிப்பாயம் அப்பற்றீரியாக்களைத் திரளச் செய்யும். ஆரோக்கியமாகத் தோன்றிய ஆடுகள் பலவற்றின் குருதிப்பாயமும் அவ்வாறே செய்தது! தொடர்ந்து ஆராய்ந்தபோது, தீவிலுள்ள ஆடுகளில் ஏறக்குறையப் பாதி நோய்த்தொற்றுக்கு உள்ளாகியிருந்தமையும், பத்தில் ஒரு பங்கு பாலிலேயே கிருமியைச் சொரிந்தமையும் வெளிப்பட்டன. அதே ஆண்டில் அமெரிக்காவுக்கென மோல்டா ஆடுகளை ஏற்றிச்சென்ற கப்பலொன்றில், அவற்றின் பாலைப் பருகிய மாலுமிகள் பலர் காய்ச்சலுற்றமை இம்முடிபை வலியுறுத்தியது.

1906 இல் படையினரின் உணவிலிருந்து ஆட்டுப்பால் விலக்கப்பட்டது. காய்ச்சலும் அவர்களிடையே விரைவில் அருகியது. ஆனால், குடிமக்களின் நிலை யாது? ஆடுகளை வீட்டு வாயிலுக்கே ஓட்டிவந்து கண்முன் கறந்து கொடுத்த பாலினும் தூய பால் உண்டென்று அவர்கள் நம்பவில்லை. இடையருக்கோ ஆடே பிழைப்பு. பாச்சர்முறையிற் சூடாக்கிய பாலை அங்கு வழங்கத் தொடங்கியது 1938 இலேயே. உண்மை புலனாகி முப்பத்துமூன்று ஆண்டுகள் கழிந்தும் நோய் தொடர்ந்தது. அறிவு ஆய்வுகூடத்தில் பிறந்தால் மட்டும் போதாது. அடுக்களைக்கு வந்து சேரவேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

இவ்வுண்மை ஆட்டுப்பாலோடு அமைவதன்று. கோழியின் குடலில் கம்பிலோபக்ரர், சல்மொனெல்லா என்பன அதற்குத் துன்பஞ் செய்யாமலே வாழக்கூடும். சல்மொனெல்லாவின் ஒரு வகை கோழியின் சூலகத்தையே பற்றுவதால், ஓடு உடையாத முட்டையினுள்ளும் அது இருத்தல் கூடும். மாடுகளின் குடலில் வாழும் ஈ. கோலி ஓ157 என்னும் வகை, 1982 இல் அமெரிக்காவில் அரைத்த மாட்டிறைச்சியால் விளைந்த நோயில் இனங்காணப்பட்டது. முழுத்துண்டின் மேற்பரப்பில் ஒட்டிய கிருமி நெருப்பில் எளிதில் மடியும். அரைக்கும்போதோ அது உட்புறமெங்கும் கலந்துவிடுகின்றது. அன்றியும், விலங்குகள் விரைந்து வளர்தற்பொருட்டு நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளைத் தீனியிற் கலப்பதால், அம்மருந்துகளை எதிர்க்கவல்ல கிருமிகள் பெருகுகின்றன. 1969 இல் பிரித்தானியாவின் சுவான் குழு இதனை எச்சரித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2006 முதல் அவ்வழக்கத்தை முற்றாகத் தடைசெய்தது.

பாதுகாப்பு அரிதன்று. 63 பாகை செல்சியசில் முப்பது நிமிடமோ, 72 பாகையில் பதினைந்து விநாடியோ சூடாக்கப்பட்ட பாலில் இந்நோய்க்கிருமிகள் மடிகின்றன. குளிரூட்டியோ அவற்றின் பெருக்கத்தைத் தணிக்குமேயன்றி அவற்றைக் கொல்லாது. பச்சை இறைச்சி வெட்டிய கத்தியையும் பலகையையும் கழுவாமல் மரக்கறிக்கு எடுத்தல் தகாது. முட்டையையும் இறைச்சியையும் உள்ளும் வேகுமாறு சமைத்தல் வேண்டும். பாலைப் பொங்கக் காய்ச்சியே பருகத் தந்த நம் அன்னையர், பற்றீரியாவின் பெயரை அறியாமலே அதனை வென்றனர். பெயரை அறிந்த நாம் அவ்வழக்கத்தைக் கைவிடுதல் முறையாகுமா?